இன்ஸ்பெக்டர் வேஷம்

உப்பளத்துக்கு வெயில் வேண்டும். டூரிங் கொட்டகைக்கு இருட்டு வேண்டும். மரக்காணம் கடற்கரையில் அந்த நாளில் இரண்டுக்கும் குறைவில்லை. பகலெல்லாம் பாத்தியில் உப்பு வாரியவர்கள் இரவில் தரை டிக்கட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, எம்.ஜி.ஆரின் கத்திச் சண்டையைப் பார்த்தார்கள். கடற்காற்று வசனத்தில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விடும், பாட்டில் முக்கால்வாசியை. கத்தியை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை! அந்தக் கூட்டத்தில் சிறுவனாக நானும் இருந்திருக்கிறேன்.

இப்பேர்ப்பட்ட மனிதரைக் கதாநாயகனாக்கத் தமிழ் சினிமாவுக்குப் பதினோரு வருஷம் பிடித்ததே, ஏன்? தலையெழுத்து என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் திருப்தியில்லை.

1917-ல் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்து நாவலப்பிட்டியில் பிறந்தவர். தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட, குடும்பம் கும்பகோணம் வந்து சேர்ந்தது. அண்ணன் சக்கரபாணியும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள். நடிப்பு, கூத்து, கத்தி எல்லாம் நாடகக் கம்பெனிகளில் வந்த வித்தைதான். ஆனால் வீட்டாருக்கு முக்கியமாகப் பட்டது பையன்களுக்கு அங்கே சோறு கிடைத்ததுதான்.

1936-ல் 'சதி லீலாவதி' வந்தது. கதை எஸ்.எஸ். வாசனுடையது, டைரக்டரோ தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். கதாநாயகன் எம்.கே. ராதா. எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். அதற்கு முந்தின வருஷந்தான் ஹாலிவுட்டில் எரல் ஃபிளின் என்ற ஆஸ்திரேலியர் 'காப்டன் பிளட்' என்ற ஒரே படத்தில் நட்சத்திரமாகிவிட்டார். அவரும் கத்திதான் வீசினார். ஆனால் அவரை யாரும் பாடச் சொல்லவில்லை!

விஷயம் அதுதான். நம் ஊரில் அப்போது கதாநாயகன் என்றால் பாடகன். தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் சொந்தக் குரலில் பாடி ஜனங்களைக் கட்டிப் போட்டிருந்தார்கள். 'அசோக்குமார்' (1941) படத்தில் பாகவதர் பாட, எம்.ஜி.ஆர். தளபதியாகப் பக்கத்தில் நின்றார். 'மீரா'விலும் (1945) சிறு வேஷமே. நாற்பதுகளில் பின்னணிப் பாட்டு பரவிற்று. குரலை இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனபின், தோளும் கத்தியும் உள்ளவருக்கு இடம் பிறந்தது. இதற்குள் பாகவதர் 1944 கடைசியில் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிச் சிறைக்குப் போயிருந்தார். அவர் விடுதலையான 1947-லேயே ஜூபிடரின் 'ராஜகுமாரி' வெளிவந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகன்! வெளியே வந்த பாகவதருக்குப் பழைய சிம்மாசனம் திரும்பக் கிடைக்கவேயில்லை. அவருடைய பாட்டில் கிறங்கிய என் வீட்டுப் பெரியவர்கள் கடைசி வரை இதை மன்னிக்கவில்லை.

'மந்திரி குமாரி' (1950) மீண்டும் டங்கன் படம். அன்றைய இன்ஸ்பெக்டர் அதில் தளபதி வீரமோகன். அடுத்த வருஷம் 'மர்மயோகி'. ராபின் ஹூட் போல ஏழைகளுக்காகக் கொள்ளையடிக்கும் கரிகாலன் அவர். படத்தில் ஆவி வருகிறது என்று சென்ஸார் 'ஏ' சர்டிபிகேட் கொடுத்துவிட்டது. பெரியவர்கள் மட்டுமே பார்க்கலாம்.

மரக்காணம் கொட்டகையில் அதை நான் எட்டு வயதில் பார்த்தேன். டிக்கட் கிழித்தவர் என்னைத் தடுக்கவில்லை.