பால்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது?

குழந்தை வளர்ப்பு என்றால் அது வீட்டுக்குள் முடிகிற விஷயம் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தலித் பெண்களின் வாழ்க்கையில் அது ஒருநாளும் வீட்டுக்குள் முடிந்ததில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன தாயின் கைக்குழந்தை வரப்போர மரத்தில் கட்டிய தூளியில் கிடந்தது. தூளியை ஆட்டியவள் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய அக்கா. பண்ணையில் விளைந்த நெல்லில் அந்தச் சிறுமியின் படிப்பும் சேர்ந்திருக்கிறது. அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

தாய் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? இது உழைப்பைப் பற்றிய கேள்வி என்பதை அண்ணல் அம்பேத்கர் அன்றே புரிந்துவைத்திருந்தார். 1928இல் பம்பாய் சட்டசபையில், ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, ஆகவே அரசுக்கு அதில் பொறுப்பு உண்டு, அவள் உழைப்பால் லாபம் பார்க்கும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்பது அவருடைய வாதம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டங்கள் இந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்தன. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு 1951இல் அதேபோல ஒரு சட்டம் வந்தது. வயற்காட்டுக் கூலிப் பெண் இரண்டிலும் இல்லை. சேரிப் பெண்களில் பெரும்பகுதியினர் அந்த வயற்காட்டில்தான் இருந்தார்கள்.

இனி நம் திண்டுக்கல் சமவெளிக்கு வருவோம். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் ஒன்று நிலக்கோட்டை. அன்றைக்கு அது மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். இன்று நாம் பால்வாடி என்று கூப்பிடும் அங்கன்வாடியின் தொடக்கம் இதுதான். சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஆலோசனை என்று ஆறு சேவைகள். தாய் வேலை முடித்து வரும்வரை பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்வது அந்த ஆறில் இல்லை.

1980இல் உலக வங்கிக் கடனுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் தொடங்கினார்கள். 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். கைக்குழந்தையை அரசு இவ்வளவு அக்கறையாகப் பார்த்தது பெரிய விஷயம். எடை போட்ட பிறகு அந்தப் பிள்ளை திரும்பவும் அக்காவின் இடுப்புக்கே போனது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. கிராமப்புறத்தில் 2 வயதிலிருந்தே பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்தது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலை கிடைத்தது. கூடவே சாதியும் உள்ளே வந்தது: சமைப்பது யார், மையம் எந்தத் தெருவில்? 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று தடுத்ததையும், அவரை இடமாற்றம் செய்துவிட்டுப் போராட்டத்துக்குப் பிறகே அதை ரத்து செய்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியே உட்கார வைக்கலாம், தட்டை எட்ட நின்று வைத்துவிட்டுப் போகலாம். ஒரு வயதுப் பிள்ளையை அப்படிப் பார்க்க முடியாது. தூக்க வேண்டும், மூக்கு துடைக்க வேண்டும், கால் கழுவிவிட வேண்டும், மடியில் போட்டு ஊட்ட வேண்டும். தொடாமல் கைக்குழந்தையை வளர்க்க வழியே இல்லை. தீண்டாமை ஒரு மனிதரைத் தேடிவரும் முதல் இடம் பள்ளிக்கூடம் என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே, தூக்குவதற்கு நீட்டப்படாத கைகளில் அது தொடங்கிவிடுகிறது.

அதனால்தான் இடம் முக்கியமாகிறது. இரண்டு வயதுப் பிள்ளை ஊர்த்தெருவைக் கடந்து தானாக நடந்து வராது. காலையில் ஏழு மணிக்கே வேலைக்குப் போன தாயால் பத்து மணிக்குக் கொண்டுவந்து விடவும் முடியாது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. அங்கன்வாடிகள் தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமையோடு வர வேண்டும் என்று 2004இல் சொன்னது. மையம் இல்லாத குடியிருப்பில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தால் மக்கள் கேட்டுப் பெறலாம் என்று 2006 டிசம்பர் 13 தீர்ப்பில் சொன்னது.

நூறு நாள் வேலைச் சட்டத்திலும் இந்த உரிமை எழுதப்பட்டிருந்தது. வேலை செய்யும் இடத்துக்கு 6 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பிள்ளை பார்ப்பது கூலிக்குரிய வேலை என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளின் கதை வேறு. கல்யாணமாகாத பெண்களை விடுதியில் வைத்து, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் வேலை வாங்கிய ஆலைக்குத் தொட்டிலே தேவைப்படவில்லை.

தோழர்களே, உங்கள் ஒன்றியத்தில் ஒரு வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பால்வாடியும் ஊரிலா, காலனியிலா என்று வரைபடத்தில் குறியுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் உண்மையில் வருகிறார்கள், பணியாளரும் உதவியாளரும் எந்தத் தெருக்காரர்கள், மையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று எழுதுங்கள். காலனியில் 40 பிள்ளைகள் இருந்தும் மையம் இல்லையென்றால், தாய்மாரோடு போய் மனுக் கொடுங்கள். அந்த மனுவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தேதியையும் குறிப்பிடுங்கள்.