பறையின் ஒலியை யார் சமன் செய்வது?

ஈக்வலைசர் என்றால் சமனாக்கி. பெயரைக் கேட்டால் நம் இயக்கத்துக்கு உறவு போலத்தான் இருக்கிறது. அது பிறந்த இடம் தொலைபேசிக் கம்பி. நெடுந்தூரம் போகும் குரலில் உயரொலிகள் தேய்ந்துவிடும். தேய்ந்ததைத் தூக்கிக் கொடுத்து, இந்த முனையில் பேசியதை அந்த முனையில் அப்படியே கேட்க வைப்பதுதான் அதன் முதல் வேலை. சினிமாவுக்கும் இசைத்தட்டுக்கும் வந்த பிறகு, காதுக்குப் பிடிக்காததை வெட்டவும் பழகிக்கொண்டது. யாருடைய காது என்பதுதான் நம் கேள்வி.

அது இல்லாமலும் இசை பதிவாகியிருக்கிறது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது மைக்கே கிடையாது. பெரிய ஊதுகுழலின் வாயருகே நின்று பாடவேண்டும். ஒலியின் வேகத்தில் ஊசி மெழுகைக் கீறும். மிக்சிங் என்பது யாரை எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான். முழக்கமான தோல் கருவிகளைத் தள்ளி வைத்தார்கள். அது இயந்திரத்தின் வரம்பு, அதில் சாதியைத் தேட வேண்டியதில்லை. 1925இல் மின்பதிவு வந்து அந்த வரம்பு தளர்ந்தது. அப்போதும் எந்தத் தோல் கருவி ஸ்டுடியோவுக்குள் அழைக்கப்பட்டது, எது சாவு வீட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்டது என்று பாருங்கள். சாதி அங்கே இருக்கிறது.

பறைக்கு அதன் சமனாக்கி நெருப்பு. வைக்கோலைக் கொளுத்திக் காட்டினால் தோல் விறைக்கும், ஒலி மேலேறும். எவ்வளவு காய்ச்சுவது என்பதை அடிப்பவரின் விரலும் காதும் முடிவு செய்கின்றன. மெல்லிய நீளக் குச்சி வெட்டும்; தடித்த குட்டைக் குச்சி அதிரும். உயரொலியும் தாழொலியும் இரண்டு கைகளிலேயே பிரிந்து கிடக்கின்றன. தலைமுறைகளாகச் செய்துவந்த இந்தத் திருத்தத்தை இசையறிவு என்று எந்த சபாவும் எழுதிவைக்கவில்லை.

புதுச்சேரிக்காரர்கள் இந்த இடத்தில் கே. ஏ. குணசேகரனை நினைக்காமல் இருக்க முடியாது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியர், ‘வடு’ எழுதியவர், 2016இல் மறைந்தார். 1968இல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்த கொடுமையை நெஞ்சில் வைத்து இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது அவர் குரல். திறந்த தொண்டை, பேச்சுத் தமிழ், மெருகு கிடையாது. ஒலிநாடாவாகவும் அது பரவியது. நாடாவிலிருந்து நாடாவுக்கு நகலெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் உயரொலி தேயும், இரைச்சல் ஏறும். அந்தத் தேய்மானத்தையும் தாண்டிச் சொற்கள் கேட்டன. எழும்போதே அவ்வளவு தெளிவாக எழுந்த குரல்.

2018 ஜனவரியில் சென்னையில் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில், டென்மா இசையமைப்பில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது பறையும் கானாவும் கிடாரும் ஒரே வரிசையில் நின்றன. அதற்குப் பிறகு பறையைப் பதிவு செய்யக் கேட்கும் இளைஞர்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள். சிக்கலும் கூடவே வந்தது. கடல்காற்றில் தோல் சீக்கிரம் தொய்யும், ஏசி அறையில் நெருப்பு மூட்ட முடியாது. எனவே ஃபைபர் பறை. எங்கள் பிள்ளைகள் போன ஒரு ஸ்டுடியோவில், பறையின் வெட்டொலியை “கூச்சல்” என்று சொல்லித் திரையில் கோட்டை இறக்கிவிட்டார்கள். கேட்டால் தவில் போலவும் இல்லை, பறை போலவும் இல்லை.

மறுமுறை ஒரு மொட்டை மாடியில் பதிவு செய்தோம். பக்கத்திலேயே வைக்கோல். மைக்கை முகத்தெதிரே வைத்தால் குச்சியின் வெட்டு. திறந்த பின்புறம் கொண்டுபோனால் வயிற்றின் முழக்கம். இரண்டுக்கும் இடையே ஒரு கோணத்தைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆனது. பாடகி பறைக்குப் பக்கவாட்டில் சற்று தள்ளி நின்றார். பிறகு ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்கினோம், ஈக்யூவைத் தொடவில்லை. ஈக்யூ தீட்டு என்பதல்ல. காற்றின் உறுமல் விழுந்திருந்தால் அதை வெட்டியிருப்போம். மாஸ்டரிங்கிலும் ஒலியை அளவுக்கு மீறி அழுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம், அழுத்தினால் முதலில் சாவது அடியின் வெட்டுத்தான்.

பாட்டை அனுப்பிக் கேட்கச் சொன்னபோது பறையடிக்கும் பெரியவர் ஒரே ஒரு குறை சொன்னார்: மூன்றாவது சரணத்தில் தோல் ஆறிப்போயிருக்கிறது, இன்னொரு தடவை காய்ச்சியிருக்கலாம்.