கள்வரும் இறையும்: மைசூர் மாவட்டக் காட்டு வன்முறையும் அதன் திரைவடிவங்களும்

திரைப்படமும் தொலைக்காட்சியும் வன்முறை குறித்த மக்கள் மனநிலையை எவ்வாறு உருவாக்குகின்றன என்னும் வினா, திரையில் கண்டதை இளைஞர்கள் தெருவில் செய்கின்றனரா என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 1961இல் ஆல்பர்ட் பந்துரா பொம்மையொன்றைக் கொண்டு குழந்தைகளிடம் நடத்திய சோதனை தொடங்கி, இவ்வகை ஆய்வுகள் பலவாகும். ஜார்ஜ் கெர்ப்னர் இவ்வினாவை வேறு திசைக்குத் திருப்பினார். தொலைக்காட்சியை மிகுதியாகக் காண்போர் உலகை உள்ளதைவிடக் கொடியதாகக் கருதுகின்றனர். அதனால் கடுமையான காவல் நடவடிக்கைகளை ஏற்கவும் முனைகின்றனர் என்பது அவர் கருத்தாகும். யாருடைய வன்முறைக்கு அஞ்சுகிறோம், யாருடைய வன்முறையைப் பொறுத்துக்கொள்கிறோம் என்பதே இதன் உள்ளீடு.

தமிழ் மரபு இவ்வினாவுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் களங்கள் நான்கெனக் கூறும்போது, தெய்வத்தையும் கொடுவிலங்கையும் அடுத்துக் கள்வரை வைக்கிறது. கள்வரை அடுத்து ஆளும் இறையையே வைக்கிறது. காட்டில் வழிமறிப்பவனும் நாட்டை ஆள்பவனும் ஒரே வரிசையில் அச்சப் பொருளாவது ஊன்றி நோக்கத்தக்கது. மைசூர் மாவட்டக் காடுகளில் நிகழ்ந்த ஒரு நீண்ட வன்முறையைத் திரை எவ்வாறு கையாண்டது என்பதை இந்நான்கனுள் இறுதி இரண்டையும் அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை நோக்குகிறது.

நிலமும் நிகழ்வும்

வீரப்பன் 1952இல் பிறந்த கோபிநத்தம், காவிரிக்கரையில் அமைந்த தமிழ் பேசும் சிற்றூர். அதனை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது மைசூருடன் சேர்க்கப்பட்டது. 1997இல் சாமராசநகர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை மைசூர் மாவட்டத்தின் பகுதியாகவே விளங்கியது. இப்பகுதியின் குற்ற வழக்குகள் மைசூர் நகரில் விசாரிக்கப்பட்டமைக்கும், கைதிகள் மைசூர்ச் சிறையில் அடைக்கப்பட்டமைக்கும் இதுவே காரணம்.

1991 நவம்பரில் வன அலுவலர் பி. சீனிவாஸ் கொல்லப்பட்டார். 1992 மே மாதம் இராமாபுரம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் டி. அரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஒருவரும் உயிரிழந்தனர். 1993 ஏப்ரல் 9இல் பாலாறு அருகே நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் மாண்டனர். இவை ஒரு பக்கம். மறுபக்கத்தில், இரு மாநிலச் சிறப்பு அதிரடிப்படைகளும் மலைக்கிராமங்களில் நடத்திய தேடுதலின்போது சட்டவிரோதக் காவல், சித்திரவதை, பாலியல் வன்கொடுமை ஆகியன நிகழ்ந்தனவாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. மாதேசுவரன் மலையில் இருந்த விசாரணை முகாமை மக்கள் 'ஒர்க்‌ஷாப்' என்றே வழங்கினர். பழுதுபார்க்கும் இடத்தின் பெயரை மனித உடலைச் சிதைக்கும் இடத்துக்கு இட்ட அந்த வழக்கில் எந்தக் கதாசிரியனும் எட்டாத கசப்பு இருக்கிறது.

முந்திக்கொண்ட திரை

பாலாற்றுத் தாக்குதலில் படுகாயமுற்ற தமிழகக் காவல் அதிகாரி கோபாலகிருஷ்ணன் 'ராம்போ' என்ற அடைமொழியால் அறியப்பட்டவர். 1982இல் வெளிவந்த அமெரிக்கப் படத்தின் நாயகன் பெயர் அது. ஆனால் அப்படத்தின் ராம்போ காவலர்களால் காட்டுக்குள் துரத்தப்படுபவன். காட்டைத் தன் படைக்கலமாக்கித் தன்னைத் தேடி வருவோரை வீழ்த்துபவன். கதையமைப்பின்படி அப்பெயர் தேடப்பட்டவனுக்கே பொருந்தும், வழங்கப்பட்டதோ தேடியவருக்கு. படத்தின் கதை மறைந்து, தனியொருவனின் உடல்வலிமையும் ஆயுதமும் மட்டுமே பார்வையாளர் நினைவில் எஞ்சியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. திரை தந்த பெயர் மெய்யான மனிதர்மேல் ஏறி, மெய்யான போரின் சொல்லாட்சியாகவே ஆகிவிட்டது.

ஆர்.கே. செல்வமணி இயக்கத்தில் விஜயகாந்தின் நூறாவது படமாக 'கேப்டன் பிரபாகரன்' 1991 ஏப்ரலில் வெளிவந்தது. வன அலுவலரான நாயகனுக்கு எதிராக, மன்சூர் அலிகான் ஏற்ற வீரபத்திரன் என்னும் காட்டுக் கொள்ளையன் நிறுத்தப்பட்டான். மூல மனிதன் யார் என்பதில் பார்வையாளர் எவருக்கும் ஐயமில்லை. சீனிவாஸ் கொல்லப்பட்டது இப்படம் வெளிவந்து ஏழு மாதங்களுக்குப் பின்னர் என்பதை மறத்தலாகாது. மெய்யான மோதல் உச்சத்தை எட்டுமுன்னரே அதன் கதைமாந்தரும் அவர்தம் நன்மை தீமைகளும் திரையில் பங்கிடப்பட்டுவிட்டன. கன்னடத்தில் தேவராஜ் நடித்த 'வீரப்பன்' படமும் அதே ஆண்டினதே.

இதற்கு முந்திய தமிழ்த் திரைமரபு வேறு. சேலம், தருமபுரிப் பகுதியில் வாய்மொழியாக வழங்கிய கதையைத் தழுவிய 'மலையூர் மம்பட்டியான்' (1983), எளியோர்க்கு உதவும் கொள்ளையனைக் காட்டியது. எரிக் ஹாப்ஸ்பாம் 1969இல் விளக்கிய சமூகக் கொள்ளையர் என்னும் வகைக்கு அது நெருக்கமானது. கதைப்பாடல் மரபின் நீட்சி எனவும் கொள்ளலாம். எட்டே ஆண்டுகளில் கொள்ளையன் கொடியவனாகவும் சீருடை அணிந்தவன் காப்பவனாகவும் இடம் மாறினர். கதைப்பாடல்களில் கள்வனும் இறையும் எதிரெதிர் நின்றபோது பாடுபவன் இருவரையும் அறிந்தவனாக இருந்தான். 1991இன் திரையில் அச்சப் பொருளாகக் கள்வர் நிலைபெற்றனர். இறை அப்பட்டியலிலிருந்து ஏறத்தாழ நீங்கிற்று.

நடிகர் பணயமான 108 நாள்

2000 சூலை 30 இரவு, தாளவாடியை அடுத்த காஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டார். நவம்பர் 15இல் விடுவிக்கப்பட்டார். 1954இல் 'பேடர கண்ணப்பா' படத்தில் கண்ணப்பராக நடித்துக் கதாநாயகரானவர் அவர். பெரியபுராணம் போற்றும் வேடனாகித் திரைவாழ்வைத் தொடங்கிய ஒருவர், முதுமையில் மற்றொரு வேட்டைக்காரனிடம் சிறைப்பட்டார்.

வீரப்பன் விடுத்த கோரிக்கைகளுள் பெங்களூரில் திருவள்ளுவர் சிலைத் திறப்பு, 1991 காவிரிக் கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்க்கு இழப்பீடு, அதிரடிப்படையால் துன்புற்றோர்க்கு இழப்பீடு, தடாச் சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறையில் இருந்தோரின் விடுதலை ஆகியன இடம்பெற்றன. சிறையிலிருந்த 51 பேர் மீதான தடாக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெறக் கர்நாடக அரசு முன்வந்தது. மைசூர்த் தனி நீதிமன்றமும் ஆகஸ்டில் இசைவளித்தது. கொல்லப்பட்ட உதவி ஆய்வாளரின் தந்தை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நவம்பர் 7இல் அவ்விசைவை நீக்கியது.

இந்நிகழ்வில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அக்கைதிகளுள் பலர் பல ஆண்டுகளாக விசாரணையே முடியாமல் சிறையில் இருந்தோர். அவர்கள் இருப்பை இரு மாநில மக்களும் பரவலாக அறிந்தது திரைக்கலைஞர் ஒருவர் காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட பிறகுதான். மகனை இழந்த தந்தையின் துயரும், விசாரணையின்றிச் சிறையில் கிடந்தோரின் துயரும் ஒரே வழக்கில் எதிரெதிராக நின்றன. இரண்டும் மெய்யே. ஆயினும் அந்த 108 நாளும் செய்தித் தொலைக்காட்சிகள் காட்டியவை காட்டிலிருந்து வந்த ஒலிநாடாக்களையும், தூதுசென்ற 'நக்கீரன்' ஆசிரியர் கோபாலின் பயணங்களையும், நடிகர் குடும்பத்தின் கவலையையுமே. மைசூர்ச் சிறைக்கதவின் முன் காத்திருந்த மலைக்கிராமத்தார் அக்கதையில் துணைமாந்தராகக்கூட இடம்பெறவில்லை. 2001 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது குற்றஞ்சாட்டப்பட்டோரில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். ஏறத்தாழ எட்டாண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் வந்த அவ்விடுதலைக்குக் கேமராக்கள் திரளவில்லை.

முடிவும் பங்கீடும்

2004 அக்டோபர் 18இல் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதிரடிப்படையினர்க்குப் பரிசும் பதவி உயர்வும் அறிவிக்கப்பட்டன. மூலக்காட்டில் நிகழ்ந்த அடக்கத்துக்கோ திரளான மக்கள் வந்தனர். திரை ஒரே மனநிலையை எல்லார்மீதும் பதித்துவிடுகிறது என்னும் எளிய கருத்து இங்கே தளர்கிறது. நேரில் பட்டறிந்தோரிடம் திரையின் பிடி குறைவு. அறியாதோரிடம் அது மிகுதி எனக் கொள்வதே பொருந்தும்.

தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதியரசர் ஏ.ஜே. சதாசிவா தலைமையில் அமைத்த குழு, கிராமத்தாரின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தது. அதன்வழி 2007 சனவரியில் 89 பேர்க்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) புதினம் இதே துயரைச் சோளகர் பழங்குடியின் வாழ்வினூடாகப் பதிவுசெய்தது. மக்கள் தொலைக்காட்சியில் வ. கௌதமன் இயக்கிய 'சந்தனக்காடு' தொடரும் காவல்துறையின் பார்வையிலிருந்து விலகிநின்ற முயற்சியே. பெருந்திரை அவ்வழியில் செல்லவில்லை.

அர்ஜுன் காவல் அதிகாரியாகவும் கிஷோர் வீரப்பனாகவும் நடிக்க, ஏ.எம்.ஆர். ரமேஷ் இயக்கிய படம் கன்னடத்தில் 'அட்டகாச' எனவும் தமிழில் 'வனயுத்தம்' எனவும் 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. பாலாறு வழக்கில் மைசூர் நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனை 2004இல் உச்ச நீதிமன்றத்தால் மரண தண்டனையாக உயர்த்தப்பட்ட நால்வரின் கருணை மனுக்கள் நிராகரிக்கப்பட்ட செய்தி வந்ததும் அதே பிப்ரவரியில்தான். திரையரங்கில் வேட்டை முடிவுற்றுக் கைதட்டல் எழுந்த நாள்களில், பெலகாவிச் சிறையில் நால்வர் தூக்குக்குக் காத்திருந்தனர். காலத்தாழ்வைக் காரணங்காட்டி உச்ச நீதிமன்றம் 2014 சனவரி 21இல் அவர்தம் தண்டனையை மீண்டும் ஆயுளாகக் குறைத்தது. அடுத்து, 2016இல் ராம்கோபால் வர்மா இயக்கிய 'கில்லிங் வீரப்பன்' படத்தில் காவல் அதிகாரியாக நடித்தவர் ராஜ்குமாரின் மகன் சிவராஜ்குமார். தந்தை பணயமாக இருந்த கதையில் மகன் வேட்டைக்காரரானமை, கன்னடப் பார்வையாளர்க்கு ஒரு கணக்குத் தீர்ப்பாகத் தோன்றியிருப்பின் வியப்பில்லை.

2023இல் இரு ஆவணத் தொடர்கள் இணையவழித் திரையில் வெளிவந்தன. ஆகஸ்டில் வந்த 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' தொடரில் அதிரடிப்படை அதிகாரிகளும் வீரப்பனின் மனைவியும் ஒருங்கே பேசினர். டிசம்பரில் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்', நக்கீரன் முன்னர்ப் பதிவுசெய்திருந்த காட்சிகளைக் கொண்டு வீரப்பனையே தன் கதை சொல்லவைத்தது. முப்பதாண்டுக்குப் பின் கள்வனின் குரல் விரிவாகவே கேட்டது. இங்கும் ஓர் இடர் உண்டு: கள்வன் நேரடியாகப் பேசத் தொடங்கியதும் அவன் பேச்சின் சுவையே முன்னிற்க, அவனாலும் அவனைத் தேடியவராலும் அழிந்தோர் பின்தள்ளப்படுகின்றனர்.

இறையை அச்சப் பொருளாக வெளிப்படையாக நிறுத்திய திரைப்படம் அதே ஆண்டு மார்ச்சில் வந்தது. வெற்றிமாறனின் 'விடுதலை' முதற்பாகம் வேறொரு கதைக்களத்தைக் கொண்டதாயினும், அதன் காவல் முகாம் காட்சிகள் வாச்சாத்தியை நினைவூட்டின. தருமபுரி மாவட்டத்தின் அவ்வூரில் 1992 சூன் 20இல் சந்தனக்கட்டைகளைத் தேடிப் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 18 பெண்களை வன்புணர்ந்த வழக்கில், 269 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டிருந்தது. உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பரில் தீர்ப்பளிக்கப்பட்டது. அத்தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்து, அப்பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது 2023 செப்டம்பர் 29இல்; படம் வெளிவந்து ஆறு திங்களில்.