பொய்ப் புகாரும் சட்டமும்

பகைவனைத் தன் கையால் அடிக்க அஞ்சுபவன், சர்க்காரின் கையால் அடிக்கத் துணிவதே பொய்ப் புகார். இக்கொடுமையைத் தடுக்கச் சட்டம் எவ்வாறு முற்பட்டது என்பதைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

மெக்காலே தலைமையில் அமைந்த சட்டக் குழுவினர் இந்தியாவுக்கான தண்டனைச் சட்டத்தின் நகலை 1837-இல் எழுதி முடித்தனர். அது 1860-இல் நிறைவேறி, 1862-இல் அமுலுக்கு வந்தது. சர்க்கார் ஊழியரிடம் பொய்த் தகவல் கூறி, அவருடைய அதிகாரத்தைப் பிறருக்குத் தீங்காகத் திருப்புவோருக்கு அதன் 182-ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறை விதித்தது. உப்புக்கும் வரி வாங்கிய காலம் அது. ஆகவே, ஒருவன் கள்ள உப்பை ஒளித்து வைத்திருக்கிறான் என்று பொய் கூறி, அவன் வீட்டைச் சோதனைக்கு ஆளாக்குவதை அச்சட்டம் ஓர் உதாரணமாகக் காட்டிற்று. நிரபராதியின் மீது மரண தண்டனைக்குரிய குற்றத்தைப் பொய்யாகச் சாட்டி வழக்குத் தொடுத்தவனுக்கோ 211-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய குடியேற்றங்களில் 1872-இல் அமுலான தண்டனைச் சட்டம் இதனைத் தழுவியதே. 2024-இல் இந்தியா பழைய சட்டத்தை நீக்கிப் புதியது கொணர்ந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலுமோ அதே 182-ஆம் எண் இன்றும் நிலைத்து நிற்கிறது.

பொய்த் தகவலின் தீங்கு நிரபராதியோடு நிற்பதில்லை. ஆபத்தில் சிக்கியவனையும் அது தாக்கும். 1935-இல் லண்டன் விம்போல் வீதியில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்டிர் மாண்டனர். தொலைபேசியில் அழைத்த அண்டை வீட்டார் பதிலின்றிக் காத்திருக்க நேர்ந்தது. அத்துயரின் விளைவாகவே 1937-இல் அந்நகரில் 999 என்னும் அவசர எண் தோன்றிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று போலீசாரை அழைப்பது அவ்வெண்ணாலேயே. அதில் விளையாட்டாகப் பொய் சொல்பவன், உண்மையாகவே எரியும் வீட்டாரின் நிமிஷங்களைத் திருடுகிறான்.

மற்றொன்றையும் நாம் வற்புறுத்திக் கூறுவோம். பொய்யென்று அறிந்தோ நம்பியோ கூறுபவனையே 182-ஆம் பிரிவு தண்டிக்கிறது. நல்லெண்ணத்தோடு பிழைபடக் கூறியவனை அன்று. புகார் மெய்ப்படாவிட்டால் தம்மையே சிறையிலிடுவர் என்றஞ்சி, எளியவர்கள் அடியையும் வஞ்சனையையும் வாய்மூடிச் சகிப்பதுண்டு. அவ்வச்சம் வேண்டுவதில்லை. கண்டதைக் கண்டபடி கூறுக. கேள்விப்பட்டதைக் கேள்வி என்றே கூறுக. பொய்யனைத் தடுக்கப் பிறந்த சட்டம் மெய்யனின் வாயை அடைக்கலாகாது.