இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் தனிப்பந்தி

"ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே" என்று ஒரு பழமொழி உண்டு. மேடையில் ஒன்று பேசி, வீட்டில் வேறொன்று செய்பவர்களைப் பற்றி நாம் தினமும் படிக்கிறோம், சிரிக்கிறோம், மறந்துவிடுகிறோம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். மோலியேர் எழுதிய 'தார்த்துய்ஃப்' நாடகம் அங்கே பாடம். பக்திமானாக வேடம் போட்டு, இடம் கொடுத்த குடும்பத்தின் சொத்தையே சுருட்டப் பார்க்கும் ஓர் ஆசாமியின் கதை. 1664இல் மேடை ஏறியதும் தடை செய்தார்கள். 1669இல்தான் தடை நீங்கியது. தார்த்துய்ஃப் பச்சை வேடதாரி. அப்படிப்பட்டவனைக் கண்டுபிடித்துவிட்டால் விரட்டிவிடலாம். ஆனால் வேடம் போடாத நல்ல மனிதர் ஒருவர், தாம் ஊருக்குச் சொன்ன விதியைத் தாமே தளர்த்தினால் என்ன செய்வது? சேரன்மாதேவி குருகுலத்தின் வரலாறு இந்தக் கேள்வியைத்தான் எழுப்புகிறது.

வ.வே.சு. ஐயரை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர், புரட்சிக்காரராகி, 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பத்து ஆண்டுகள் அங்கே பாரதியோடும் அரவிந்தரோடும் பழகினார். கம்பனை ஆராய்ந்தார், குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினார். சிறைக்கும் போனவர். தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலம், அந்நியக் கல்விக்கு மாற்றாக, தேசத்துக்கு உழைக்கும் பிள்ளைகளை உருவாக்க எழுந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. அந்தக் காலத்து 5,000 எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் சொல்ல வேண்டாம். நம் பக்கத்து நகரத்தார்களும் நன்கொடை கொடுத்தார்கள். எல்லாம் எல்லாச் சாதியாரும் கொடுத்த பொதுப் பணம்.

அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. மற்றப் பிள்ளைகள் மூலம் விஷயம் வெளியே வந்தது. ஐயர் தம்மளவில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடக்கூடியவர். அதை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், தாம் வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதே அவர் பக்கத்து நியாயம்.

'தமிழ்நாடு' பத்திரிகை நடத்திய டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், ஈ.வெ.ராமசாமி நாயக்கரும் இதை ஒப்பவில்லை. 1925 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியிடம் வழக்குப் போயிற்று. இருக்கிற இருவருக்குக் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனி வருகிறவர்கள் எல்லோரும் சேர்ந்தே உண்ண வேண்டும் என்பது அவர் சொன்ன சமரசம். நாயுடு தரப்புக்கு அது போதவில்லை. ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி கூடியது. தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்த அமைப்பும் பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் 19க்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஜூன் மாதம் பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் ஐயரும் உயிரை விட்டார். அப்போது அவருக்கு வயது 44. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு அனுமதி கிடைக்காமல், ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார்.

நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் கோப்புகளில் ஒரு வாசகம் அடிக்கடி வரும்: "இதைச் சிறப்பு நிகழ்வாகக் கருதி அனுமதிக்கலாம், முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது." அடுத்த மாதமே வேறொருவர் அதே கோப்பின் எண்ணைக் காட்டித் தமக்கும் கேட்பார். விதியை மீறுகிறவன் விதியை அழிப்பதில்லை. பிடிபட்டால் தண்டனை உண்டு. விலக்கை அனுமதித்துக் கையெழுத்துப் போடும்போதுதான் விதி செத்துப்போகிறது. ஐயர் பிழையும் அதுதான். அவர் பொய் பேசவில்லை. ஆனால் இரண்டு பெற்றோருக்குக் காட்டிய தாட்சண்யத்தின் விலையை, வேறு பந்தியில் உட்கார்ந்த மற்றப் பிள்ளைகள் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே குருகுலமே!

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1927 செப்டம்பரில் கதர் நிதி திரட்ட காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். பண முடிப்புகள் தாராளமாகக் கிடைத்தன. ஆனால் பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியுமாக இருந்த வீடுகளில் அந்நியச் சாமான்கள் நிறைந்திருந்தது தமக்கு மனக்கஷ்டம் தருகிறது என்பதை அவர் நம் மக்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார். முடிப்புக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு விலக்கு வாங்கியதாக ஆகாது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

சரி, குற்றம் சாட்டியவர் மட்டும் தப்பினாரா? கள்ளுக்கு எதிராகப் பேசியதற்காகத் தம் சொந்தத் தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டியவர் பெரியார். சொன்னதைச் செய்தவர் என்ற பேர் அவருக்கு இருந்தது. அதே பெரியார் 1949 ஜூலையில், 69 வயதில், தம்மைவிட சுமார் 40 வயது இளையவரான மணியம்மையாரை மணந்தார். பொருந்தா மணத்தைக் கண்டித்துப் பேசிவந்த இயக்கம் அது. தொண்டர்கள் கொதித்தார்கள். இயக்கத்துக்கும் சொத்துக்கும் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்று பெரியார் காரணம் சொன்னார். அண்ணா பிரிந்து, செப்டம்பர் 17இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்.

இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பவர்கள் உண்டு. எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது. பெரியார் மறைக்கவில்லை, அந்த விலக்கின் விலையைப் பெரும்பாலும் தாமே கொடுத்தார். வளர்த்த தம்பிமார்களை இழந்தார். குருகுலத்தில் விலை கொடுத்தது, வாய் திறந்து கேட்கவே பயப்படும் வயதுப் பிள்ளைகள்.

இன்னொன்றும் உண்டு. சொன்னவர் தவறினார் என்பதற்காகச் சொன்ன விதி பொய்யாகிவிடவில்லை. பெரியாரை விட்டுப் பிரிந்த அதே அண்ணா, 1967இல் ஆட்சிக்கு வந்ததும் திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார். அந்த ஆண்டிலேயே சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம், சேரன்மாதேவியில் தோற்ற விதி ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகவே, மேடைக்காரர் யாராவது தம் சொல்லை மீறினார் என்று கேள்விப்பட்டால், "இவரும் இப்படித்தானா!" என்பதோடு விட்டுவிட வேண்டாம். அந்த விலக்கின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நம் வீட்டு விசேஷங்களில் யார் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள் என்பதையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.