கிறிஸ்துமஸ் வைன் (குளச்சல் வட்டாரம்)

குளச்சல் உள்ளிட்ட குமரி மாவட்டக் கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றில் கிறிஸ்துமஸுக்காகப் போடப்படும் திராட்சை வைன். கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்துப் பரணியில் துணி கட்டி மூன்று வாரம்போல வைப்பார்கள். பிறகு வடித்துப் புட்டியில் அடைப்பார்கள்.

புதிதில் நிறம் கருஊதா. நாக்கில் இனிப்பு, ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு. துவர்ப்புக்குக் காரணம் தோலிலும் விதையிலும் உள்ள டானின். கனமான சிவப்பு வைனில் அது ஆண்டுக்கணக்கில் திரண்டு கசடாகப் படியும். துவர்ப்பு மெத்தென்றாகும், நிறம் செங்கல் பக்கம் சாயும், பழவாசம் உலர்திராட்சை வாசமாகும். பிரான்சின் போர்தோ வட்டாரத்து நல்ல வைன்கள் இப்படிப் பல பத்தாண்டு தாங்கும். வீட்டு வைனுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கறுப்புத் திராட்சை வகையான கம்பம் பன்னீர் திராட்சையும் மணத்துக்குப் பேர்போனதே தவிர, கனத்துக்கு அல்ல. திறந்த புட்டியைக் காற்றுப்பட விட்டால் காடியாகிவிடும்.