கனிப்பொருள் ஆய்வும் கண்டிக் கைவினையும்

ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக விளங்கினார். நாட்டின் கனிவளத்தை அறிதலே குடியேற்ற அரசு அவருக்கு இட்ட பணி. 1904இல் தோரியனைற்று என்னும் புதிய கனியம் அவர் ஆய்வின்வழி அறியவந்தது. எனினும் கண்டிச் சிற்றூர்களில் அவர் கருத்தைப் பெரிதும் கவர்ந்தவை தும்பறைப் பாய்நெசவு, மாத்தளைப் பக்கத்தில் பெருவிரல் நகத்தாற் செய்யும் அரக்குவேலை, நெல்வயல், களம் என்பனவே. அவர் குறிப்பெடுத்தார், துணைவியார் எதெல் ஒளிப்படம் பிடித்தார். 1908இல் இங்கிலாந்தில் 425 படிகளாக அச்சேறிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ அவ்வுழைப்பின் பயன்.

கைவினையையும் வேளாண்மையையும் ஒருங்குவைத்து நோக்கியமையே அந்நூலின் சிறப்பு. கண்டியரசில் கம்மாளன், அரண்மனைக்கோ விகாரைக்கோ ஆற்றிய ஊழியத்துக்கு ஈடாக வயல் பெற்று வாழ்ந்தான். 1815இல் அரசு வீழ, அவனைப் புரந்த கை ஒழிந்தது. 1832இல் இராசகாரியம் நீக்கப்பட்டபோது கட்டாய உழைப்பின் கொடுமை தணிந்தது. கூடவே வேலைக்கும் வயலுக்கும் இருந்த பிணைப்பும் தளர்ந்தது. விகாரை நிலங்களிற் பழைய முறை ஓரளவு நிலைத்தது. கைத்திறன் இருக்கவும், அதைத் தாங்கிய நிலவுரிமை குலைந்தமையால் தொழில் நலிந்தது என்பது அவர் பதிவுகளால் விளங்கும். அவ்வூழியத்தோடு ஒட்டியிருந்த சாதிக்கட்டின் கடுமையை மட்டும் அவர் சற்று மென்மையாகவே நோக்கினார்.